நானாக

பலவேசம் அன்றைக்குப் பேசியது மொத்தம்
ஏழெட்டு வார்த்தை இருக்கும்.
நான் எழுதியது மூன்று பக்கம்,
கார்பன் வைத்து நாலு பிரதி.

ஆடி மாசம். கணவாய்க் காற்று
ஜன்னல் வழியே வந்து தாளைப் பிடுங்கியது.
போன வழக்கில் பறிமுதலான பூட்டொன்றை
அதன்மேல் தூக்கி வைத்தேன்.
அந்தப் பூட்டுக்கு இன்னும் சாவி கிடைக்கவில்லை.

காவல்கிணறு தாண்டி ஒரு காற்றாலையில்
செம்புக் கம்பி களவு போயிருந்தது,
நாற்பத்திரண்டு மீட்டர்.
பலவேசம் அங்கே ராக்காவல்.
தூங்கிப்போனேன் என்பதை மட்டும்
யாரும் கேட்காமலே சொல்லிவிட்டான்.

அவனை யாரும் அடிக்கவில்லை.
எங்கே கேட்டாலும் இதைச் சொல்வேன்.
விலங்கு கிடையாது. கதவு திறந்தே கிடந்தது.
மதியம் முட்டைப் பரோட்டா, சால்னா தனியாக.
இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தக்கூட இல்லை.
ஒரே ஒரு தரம் ஜன்னல் பக்கம் திரும்பினார்.
வெளியே புங்க மரத்தடியில்
அவன் பெண்டாட்டி பேராச்சி
கைப்பிள்ளையோடு விடிந்ததிலிருந்து இருந்தாள்.
"கடைசி பஸ் எட்டே காலுக்குத்தான, ரைட்டரே?"
என்னைத்தான் கேட்டார்.
அவனை இல்லை.

அவன் 'சொல்லுதேன்' என்பான்,
நான் 'சொல்கிறேன்' என்று எழுதுவேன்.
அவன் நாக்கில் ஒருநாளும் ஏறாத மேற்படியை
ஒன்பது இடத்தில் வைத்தேன்.
'என்னை அழைத்துச் சென்றால்
மேற்படி கம்பியை மறைத்து வைத்த இடத்தைக் காட்டி
எடுத்து ஆஜர்படுத்துகிறேன்.'
கம்பி கிடந்த இடம்
காலையிலேயே எங்களுக்குத் தெரியும்,
ஆடு மேய்க்கிற பையன் சொல்லியிருந்தான்.
சாயங்காலம் பலவேசம் அதைக் காட்டினான்.
குளத்தங்கரை ஏறினதும் எந்தப் பக்கம் திரும்பணும் என்று
எங்களையே ஒருதரம் கேட்டுக்கொண்டான்.

கடைசிப் பத்தி எனக்கு மனப்பாடம்,
கை தன்னால் எழுதும்.
அன்றைக்கு என்னவோ பேனா நின்றது.
"எல்லாம் நீயாச் சொல்லுததுதானல?" என்றார் ஐயா.
பலவேசம் ஜன்னலைப் பார்த்தான்.
பிறகு என்னைப் பார்த்து
"நானா" என்றான்.

கேள்வி கேட்டாலும் அது நானா.
ஒப்புக்கொண்டாலும் நானா.
வார்த்தை முடிகிற இடத்தில்
குரல் ஏறிச்சா இறங்கிச்சா என்பதுதான் கணக்கு.
காற்று அந்த நேரம் பார்த்துக் கதவை அறைந்தது.
கேட்டேன் என்றும் சொல்ல முடியாது,
கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது.
ஒரு 'க' சேர்த்தேன்.
நானாக முன்வந்து, எவருடைய தூண்டுதலுமின்றி.
அவன் இடது பெருவிரலை மையில் அழுத்தியது நான்.
கனமே இல்லாமல் வந்தது கை.
பேராச்சிக்கு எட்டே கால் பஸ் கிடைத்தது.

மூன்று வருஷம் கழித்து வள்ளியூர் கோர்ட்.
கூண்டில் நான்.
அவன் பக்கத்து வக்கீல் சின்னப் பெண்,
கறுப்புக் கோட்டில் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை.
மேற்படி மேற்படி என்று குடைந்துவிட்டு,
உட்காரப் போனவள் நின்று கேட்டாள்:
"அவர் சொல்லச் சொல்ல எழுதியதா,
இல்லை, நீங்களாக எழுதியதா?"

வாசலில் இன்ஸ்பெக்டர், இப்போது டி.எஸ்.பி.,
தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றார்.
என் மகளுக்குப் பாளையங்கோட்டையில்
இடம் பார்த்துக் கொடுத்தவர்.
தொண்டை அடைத்தது.

"நானா" என்றேன்.

மாஜிஸ்திரேட் அம்மா குனிந்தபடியே
டைப்பிஸ்ட்டுக்குச் சொன்னார்கள்.
ஒரு 'க' விழுகிற சத்தம்
எனக்கு நன்றாகவே கேட்டது.
திருத்தச் சொல்லியிருக்கலாம்.
வாசித்துக் காட்டினார்கள், சரி என்றேன்,
கையெழுத்துப் போட்டேன்.

யாரும் என்னை அடிக்கவில்லை.
கதவு திறந்தே கிடந்தது.